மாரடைப்பு நம் மரபில் உள்ளதா?

‘அவர்கள் குடும்பத்துக்கே அது உண்டு’ என்று நம்மவர்கள் சொல்லும் நோய்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று நீரிழிவு, மற்றொன்று மாரடைப்பு. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வருபவர்களில் ஒருவராவது ‘இவருடைய அப்பாவும் இப்படித்தான் போனார்’ என்று சொல்லாமல் திரும்புவதில்லை. அப்படிச் சொல்வதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. முன்பு தலையெழுத்து என்றார்கள். இப்போது மரபணு என்கிறோம். சொல் மாறியதே தவிர, கையை விரிக்கும் பழக்கம் மாறவில்லை. மரபணுவை ஆராய்பவர்கள் உண்மையில் கண்டறிந்தது என்ன, அதில் நமக்கு உதவக்கூடியது எது என்பதை இயன்றவரை தமிழில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரை.

இந்தக் கேள்விக்கும் சிங்கப்பூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டாக்டர் டி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும் 1959ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். (பிற்காலத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக இருந்தவர் இவர்.) 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணப்பரிசோதனைகளின் பதிவேடுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். இதயத் தமனி நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தாயகத்துக்கு வெளியே வாழும் இந்தியர்களிடம் இந்நோய் மிகுதி என்பதை முதலில் சுட்டிக்காட்டிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1990இல், கென்னத் ஹியூஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980 முதல் 1984 வரையிலான இறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். 30 முதல் 69 வயது வரையிலான இந்திய ஆண்கள் இதயத் தமனி நோயால் இறக்கும் விகிதம் சீன ஆண்களைப்போல் 3.8 மடங்கு. மலாய் ஆண்களோடு ஒப்பிட்டால் 1.9 மடங்கு. பெண்களிடமும் ஏறக்குறைய இதே நிலைதான். இளைய வயதினரிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போனது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், மொத்தக் கொலஸ்ட்ரால் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை இந்த வித்தியாசத்தை விளக்கப் போதவில்லை. நீரிழிவும் நல்ல கொழுப்பின் குறைவும் ஓரளவுக்கு விளக்கின.

ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே மருத்துவமனைகள். பிறகு ஏன்? ‘இரத்தத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லிவிடத் தோன்றுவது இயற்கை. சற்றுப் பொறுப்போம்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இதயத் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கெட்ட கொழுப்பு என்று நாம் அழைக்கும் எல்டிஎல் துகள்கள் நுழைந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி அங்கேயே மடிகின்றன. பல ஆண்டுகளில் அது ஒரு படிவமாகத் தடிக்கிறது. ஒருநாள் அப்படிவத்தின் மேற்புறம் வெடித்தால் அங்கே இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு. நாம் ‘திடீரென்று வந்தது’ என்று சொல்வது, இருபது முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த ஒன்றின் கடைசி மணி நேரம்தான்.

கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 1953இல் எழுதினார்கள். அவ்வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் நூற்றுக்கு 77 பேரின் தமனிகளில் இந்நோயின் தடயங்கள் இருந்தன. இதைப் படித்தபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கும் 22 வயது.

பாடபேதங்கள்

மரபணு மாறுபாடு என்றால் என்ன என்பதை விளக்கத் தமிழ் மாணவர்களுக்கு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓர் உவமை இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எத்தனை ஏட்டுப் பிரதிகளைத் தேடி அலைந்தார் என்பதை நாம் அறிவோம். ஒரே நூல்தான், ஆனால் ஒவ்வோர் ஏட்டிலும் எழுதியவர் கை தவறிய இடங்கள் வெவ்வேறு. அவற்றையே பாடபேதம் என்கிறோம். பெரும்பாலான பேதங்களால் பொருள் கெடுவதில்லை. சில இடங்களில் ஓர் எழுத்து மாறினாலும் பாட்டே வேறாகிவிடும்.

நம் டிஎன்ஏ ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஏடு. அறிவியலாளர்கள் ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் பொதுப் பிரதியிலிருந்து ஒவ்வொருவரின் ஏடும் ஏறத்தாழ 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபடுகிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. இதயத் தமனியைப் பாதிக்கும் பேதங்கள் எவை என்பதுதான் நம் கேள்வி. அதற்கு இரண்டு வகையான விடைகள் உண்டு. இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதாலேயே பாதித் தவறான எண்ணங்கள் பிறக்கின்றன.

முதல் வகை: ஓர் எழுத்துப் பிழையே பாட்டைக் கெடுப்பது. கல்லீரல் அணுக்களின் மேற்புறத்தில் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன. அவற்றைக் கொக்கிகள் என்று வைத்துக்கொள்வோம். இக்கொக்கிகளைச் செய்யும் குறிப்பு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய் அல்லது தந்தையிடமிருந்து வந்த பிரதி பழுதாக இருந்தால் கொக்கிகள் பாதியாகக் குறையும். இரத்தத்தில் கெட்ட கொழுப்பு பிறந்ததிலிருந்தே மிகும். குடும்பவழி மிகைக்கொழுப்பு நோய் என்று இதைச் சொல்லலாம். டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1970களில் இதைக் கண்டறிந்தார்கள். 1985இல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. சிகிச்சை பெறாத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடுகிறது. இவர்கள் ஒல்லியாகவும் இருக்கலாம், சைவமாகவும் இருக்கலாம். ‘எண்ணெய்ப் பலகாரம் தின்றதால்தான்’ என்று இவர்களை ஏசுவது பாவம்.

இதே பாதையில் நேரெதிரான ஒரு கண்டுபிடிப்பும் நடந்தது. பிசிஎஸ்கே9 என்றொரு புரதம் மேற்சொன்ன கொக்கிகளை அழிக்கும் வேலையைச் செய்கிறது. அது அளவுக்கு மீறி வேலை செய்யும் சில பிரெஞ்சுக் குடும்பங்களைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2003இல் கண்டார்கள். அவர்களுக்குக் கொழுப்பு மிகுதி. அப்படியானால் அது வேலையே செய்யாதவர்கள் எங்காவது இருக்க வேண்டுமே என்று டல்லஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் தேடினார்கள். கிடைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 2.6 பேரிடம் அத்தகைய பேதம் இருந்தது. அவர்களுடைய கெட்ட கொழுப்பு மற்றவர்களைவிட 28 விழுக்காடுதான் குறைவு. ஆனால் இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு என்று 2006இல் வெளியான முடிவு சொன்னது. கொழுப்பு கொஞ்சம் குறைந்ததற்கு இவ்வளவு பெரிய பயனா? காரணம் காலம். ஐம்பது வயதில் மாத்திரை விழுங்கிக் குறைப்பதும், பிறந்த நாள் முதல் குறைவாகவே இருப்பதும் ஒன்றல்ல. இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015இல் விற்பனைக்கு வந்தன. மரபணு ஆராய்ச்சி மருந்தாக மாறியதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை என்பது என் கருத்து.

இரண்டாம் வகை: சிறுதுளி பெருவெள்ளம். 2007ஆம் ஆண்டில் கனடா, ஐஸ்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் டிஎன்ஏவை நோயற்றவர்களுடையதோடு ஒப்பிட்டன. வெவ்வேறாகத் தேடிய எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். 9ஆம் குரோமோசோமில் 9பி21 எனப்படும் பகுதி அது. வியப்பு என்னவென்றால், அங்கே புரதத்தைச் செய்யும் மரபணு எதுவும் இல்லை. பக்கத்து மரபணுக்களை ஏற்றி இறக்கும் குறிப்புகள் அங்கே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கொழுப்பையோ இரத்த அழுத்தத்தையோ அது கூட்டுவதில்லை. தமனிச் சுவரிலேயே ஏதோ செய்கிறது. ஐரோப்பியரில் நால்வருக்கு ஒருவர் இந்தப் பேதத்தைத் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் இரட்டையாகப் பெற்றிருக்கிறார். அவருக்கு நோய் வரும் வாய்ப்பு, அது இல்லாதவரைவிட 30 முதல் 40 விழுக்காடு வரை கூடுதல். தெற்காசியர்களிடமும் இப்பகுதிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

30 விழுக்காடு என்பது பெரிதாகத் தோன்றலாம். நூறு பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடியது பதின்மூன்று பேருக்கு வருகிறது, அவ்வளவுதான். அதன்பின் இத்தகைய சிறு பேதங்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஒரு லட்சத்து 81 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வு 2022இல் வெளிவந்தபோது அவ்விடங்களின் எண்ணிக்கை 241. பெரும்பாலானவை தனித்தனியே நூற்றுக்குச் சில விழுக்காடு மட்டுமே கூட்டுபவை. அவற்றில் சில உங்களிடமும் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன, எதிர் வீட்டுச் சீனக் குடும்பத்திடமும் இருக்கின்றன. ‘இந்தியரின் மாரடைப்பு மரபணு’ என்று ஒன்றைத் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

இவ்விடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்த தண்டபாணியும் ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் பிறரும் 2009இல் ஒரு முக்கியக் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். இதயத் தசைக்குரிய மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன பேதம், இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நால்வரிடம் இருக்கிறது. இது நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது உண்மை. ஆனால் அது தொடர்புடையது தசை பலவீனமடையும் நோயோடு. தமனி அடைப்போடு அல்ல. நம்மவர்கள் பேச்சில் இவை இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பச்சிளங் குழந்தைகள் சொன்னது

அப்படியானால் நமக்கென்று மரபில் எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. லிப்போபுரோட்டீன்-ஏ என்று சொல்வார்கள். நார்வே நாட்டின் கோரே பெர்க் 1963இல் கண்டறிந்தது. எல்டிஎல் துகளின்மேல் இன்னொரு புரதம் வால்போல ஒட்டிக்கொண்டால் அதுதான் இது. அந்த வாலின் நீளத்தை 6ஆம் குரோமோசோமிலுள்ள மரபணு ஒன்று முடிவு செய்கிறது. அதில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. சிலருக்குச் சில முறை, சிலருக்குப் பல முறை. திரும்பும் எண்ணிக்கை குறைந்தால் இரத்தத்தில் துகள் கூடும். அது கூடினால் தமனியில் படிவமும் கூடும். உணவைக் குறைத்தாலும் ஓடினாலும் நீந்தினாலும் இதன் அளவு பெரிதாக மாறுவதில்லை. மரபு ஏறக்குறைய முழுமையாக ஆட்சி செய்யும் அளவு இது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் குழந்தைநல மருத்துவ ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. சீன, மலாய், இந்தியக் குழந்தைகள் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இப்பொருளை அளந்தார்கள். இந்தியக் குழந்தைகளிடம்தான் அளவு அதிகம். மூன்று இனங்களின் இதய நோய் இறப்பு விகிதங்கள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில் குழந்தைகளின் அளவுகளும் இருந்தன. அந்தக் குழந்தைகள் இன்னும் ஒரு பரோட்டாகூடச் சாப்பிடவில்லை, ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை. வாழ்க்கைமுறையைப் பிரித்து வைத்துவிட்டு மரபை மட்டும் பார்க்க இதைவிட எளிய வழி இருக்க முடியாது.

இது முழு விடை அல்ல. ஏழு மடங்கையும் நான்கு மடங்கையும் இந்த ஒரு பொருள் விளக்கிவிடாது. நீரிழிவுக்கும் வயிற்றுச் சதைக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அளந்துகொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019இல் பரிந்துரைத்தது. இதைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்துகளும் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அளவு கூடுதல் என்று தெரிந்தவர் மற்ற ஆபத்துகளை, குறிப்பாக எல்டிஎல்லை, மற்றவரைவிட முன்கூட்டியே கட்டுக்குள் வைக்கலாம்.

துவாஸில் ஒரு கேள்வித்தாள்

ஜோகூரிலிருந்து வரும் எனக்குத் துவாஸ் என்பது 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும் குடிநுழைவு வரிசையும்தான். அங்கே கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளும் இருப்பதைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்ததோடு சரி. சென்ற ஆண்டு மாணவர்கள் சிலர் ஒரு விடுதியில் நடந்த இலவச மருத்துவப் பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளர்களாகப் போனோம். மருத்துவர் தந்த கேள்வித்தாளில் ஒரு வரி: தந்தை அல்லது சகோதரருக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்ததா?

இவ்வரி சாதாரணமானதல்ல. சுவீடனில் ஏறத்தாழ 21 ஆயிரம் இரட்டையர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. ஆண் இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்குள் இதய நோயால் இறந்தால், அவரோடு ஒரே கருவிலிருந்து பிறந்த மற்றவர் அந்நோயால் இறக்கும் ஆபத்து 8.1 மடங்கு. இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர் என்றால் 3.8 மடங்கு. முதுமையில் வரும் இறப்புகளில் இந்த உறவு தேய்ந்துவிடுகிறது. அதாவது எண்பதில் வரும் மாரடைப்பில் மரபின் குரல் மெல்லியது. நாற்பதில் வருவதில் உரக்கக் கேட்கிறது. எத்தனை வயதில் என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படித்தவன் நான். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் மரபியல் மலாயில் வந்தது. எனவே ‘மரபு’, ‘பேதம்’ போன்ற சொற்களைத் தேட வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டேன். அன்றைக்கு அவை தேவையே படவில்லை. தேவைப்பட்டது வேறு. ‘அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் ‘இல்லை’ என்றார்கள். அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர்தான் தயங்கினார். “மாரடைப்புன்னு யாரு தம்பி பாத்தா? காலைல வயலுக்குப் போனாரு. நெஞ்சு கரிக்குது, வாயுன்னு வந்து படுத்தாரு. சாயந்திரம் இல்லை.” அப்போது அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். “நாப்பத்தி நாலோ அஞ்சோ.” அவர் தாளில் ‘இல்லை’ என்பதில் ஏற்கெனவே குறியிட்டிருந்தார்கள். அதன்பிறகு நாங்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி யாராவது திடீரென்று இறந்தார்களா, அப்போது என்ன வயது என்று கேட்டோம். விடைகள் மாறின.

மற்றொருவர் தாளைக் கையில் வாங்கியதும், “இதுல எழுதினா பர்மிட்டுக்கு ஏதும் ஆயிருமா தம்பி?” என்றார். அந்தத் தாள் முதலாளியிடம் போகாது என்று மருத்துவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம். மரபணுத் தகவல் என்பது இப்படித்தான். அதை அறிந்துகொள்வதன் பயன் ஒரு பக்கம், யார் கையில் அது சிக்கும் என்ற அச்சம் இன்னொரு பக்கம். மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்குச் சிங்கப்பூரில் 2021 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. வேலையைப் பற்றிய அச்சத்துக்கு அது மருந்தாகாது.

இந்த ஆண்களுக்கு முப்பது முதல் ஐம்பது வயது. இந்தியருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்த வயதுகளும் இவைதாம். 2020இல் கோவிட் தொற்று உறுதியான ஊழியர்கள் சிலர் இறந்தபோது, காரணம் இதயத் தமனி நோய் என்று சுகாதார அமைச்சு அறிவித்ததை நாம் படித்தோம். 2022 ஏப்ரல் முதல் விடுதி ஊழியர்களுக்கு அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம்.

விதியா?

மரபில் ஆபத்து மிகுந்தவர் என்னதான் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணத்தை 2016இல் வந்த ஓர் ஆய்வு உடைத்தது. 55,685 பேரை மரபு ஆபத்தின்படி வரிசைப்படுத்தினார்கள். உச்சத்தில் இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு நோய் வரும் வாய்ப்பு அடியில் இருந்தவர்களைவிட 91 விழுக்காடு அதிகம். ஆனால் அந்த உச்சத்திலேயே, புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியோடு, நல்ல உணவோடு (இந்நான்கில் மூன்று இருந்தாலும் போதும்) வாழ்ந்தவர்களுக்கு நோய் 46 விழுக்காடு குறைந்தது. பின்லாந்தின் வட கரேலியா மாவட்டம் இன்னொரு சான்று. 1972இல் தொடங்கிய இயக்கத்தால் உணவும் புகைப்பழக்கமும் மாறின. நாற்பதாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அம்மக்களின் மரபணுக்கள் அப்படியேதான் இருந்தன.

ஆனால் வாழ்க்கைமுறை என்ற சொல் தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்களுக்குப் பொருந்துவது. விடியுமுன் வந்து இறங்கும் கேட்டரிங் பொட்டலத்தை மதியம் பிரித்துச் சாப்பிட்டு, லாரியில் திரும்பி, இரவு ஒன்பதுக்குத் துணி துவைக்கும் ஒருவரிடம் ‘நல்ல உணவு, உடற்பயிற்சி’ என்று மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை.

தரவிலும் இதே கதைதான். நூற்றுக்கணக்கான பேதங்களைக் கூட்டி ஒருவருக்கு ஒரே மதிப்பெண் தரும் முறை வந்துவிட்டது. ஆனால் அதற்கு அடிப்படையான ஏடுகளில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பியருடையவை. மற்றவர்களிடம் அம்மதிப்பெண் அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. சிங்கப்பூர் இதைச் சரிசெய்ய முனைந்திருக்கிறது. 2019இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் 4,810 பேரின் முழு டிஎன்ஏ வாசிக்கப்பட்டது. அதில் 1,127 பேர் இந்தியர். அடுத்த கட்டத்தின் இலக்கு ஒரு லட்சம் பேர். இத்தகைய ஆய்வுகளுக்கு நம்மவர்கள் முன்வருவது நன்று.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. முதல் வகைப் பேதத்தின் வேலை எல்டிஎல் எண்ணில் தெரிந்துவிடும். மரபணுவைப் படிக்காமலேயே அதன் விளைவைச் சாதாரண இரத்தச் சோதனையில் படிக்கலாம். சிங்கப்பூரில் குடும்பவழி மிகைக்கொழுப்புக்கான தேசிய மரபணுச் சோதனைத் திட்டம் 2025 ஜூன் 30 அன்று தொடங்கியது. எல்டிஎல் 5.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பவர்களை மருத்துவர்கள் இதற்கு அனுப்பலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு. ஒருவரிடம் பேதம் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் சோதிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தாத்தா எந்த வயதில், எப்படி இறந்தார் என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

அறந்தாங்கி அண்ணனின் விரல் நுனி இரத்தத்தில் எல்டிஎல் 6.1 காட்டியது. இரத்தம் எடுத்து மறுபடி உறுதிசெய்ய வேண்டும் என்று கூறிய மருத்துவர், ஊரிலுள்ள தம்பிகளும் மகளும்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். “தம்பி, நீங்க சொன்னத அப்படியே தமிழ்ல எழுதிக் குடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பணும்” என்றார் அவர். கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: கொழுப்புச் சோதனை, எல்டிஎல் எவ்வளவு என்று கேட்கவும். அப்பா 45 வயதில் நெஞ்சு வலியால் இறந்ததை டாக்டரிடம் சொல்லவும். அண்ணனுக்கு 6.1 என்று சொல்லவும். பாப்பாவுக்கும் பார்க்கவும். அவர் அதைப் படமெடுத்து, அங்கேயே நின்றபடி அனுப்பினார்.